விறகு வெட்டியவனுக்கு மன்னிப்பு

காட்டில் பதுங்கியிருந்த ஆயுதக் கும்பலைவிட்டு வந்து சரணடைந்து, முகாமில் இருந்து, திருந்திவிட்டான் என்று சான்றிதழும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய கிரெமாவுக்கு அரசாங்கம் ஒரு முடிவெட்டும் மெஷினும் கண்ணாடியும் மடக்கு நாற்காலியும் கொடுத்து அனுப்பியிருந்தது. அவனோடு வந்தவர்களில் சிலருக்குத் தையல் மெஷின், சிலருக்கு உளியும் இழைப்புளியும். கிரெமாவுக்கு வாய்த்தது அடுத்தவன் தலை.

தலையைக் கொடுக்கத்தான் ஆளில்லை. மைதுகுரி நகரத்தின் ஓரத்தில், கஜாரி வட்டாரத்தில், வேப்பமரத்தில் கண்ணாடியை மாட்டிவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பான். சின்னப் பையனாக வயலிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டு, மீசை முளைத்தபின் திரும்பி வந்தவன். எதற்காகப் போனானோ, எப்படிப் போனானோ, காட்டு ஆட்களோடு இருந்தவன் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது கண்ணை மூடி உட்கார எவனுக்குத் துணிச்சல் வரும்? முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பந்தயம் கட்டிக்கொண்டு வந்தார்கள். காதோடு திரும்பிப் போனவர்களைப் பார்த்துப் பெரியவர்களும் ஒன்றிரண்டு பேர் வந்தார்கள். எல்லோருக்கும் மெஷின்தான். சவரக்கத்தி போடச் சொன்னால், "முகாம்ல அது குடுக்கலண்ணே" என்பான்.

கொடுத்திருந்தார்கள். துணியில் சுற்றிக் கூரை இடுக்கில் அவன் செருகி வைத்ததை அவன் தங்கை கெல்லு பார்த்திருந்தாள். அவளுக்குப் பதினாறு வயது. வீட்டில் கோழி அறுக்க வேண்டுமென்றால் கிரெமா அடுத்த வீட்டுப் பையனைக் கூப்பிடுவான். வெங்காயம்கூட நறுக்கமாட்டான்.

"நல்லவேளை, முகாம்ல கேட்டப்போ காட்டுல சமையக்காரனா இருந்தேன்னு சொல்லாம விறகு வெட்டினேன்னு சொன்ன. ஒருத்தனும் நம்பியிருக்கமாட்டான்" என்று அம்மா கேலி செய்வாள். அவன் சிரிப்பான்.

ஒரு மத்தியானம் அம்மா தண்ணீர்க் குழாயடிக்குப் போயிருந்தபோது கெல்லு கத்தியைப் பற்றிக் கேட்டுவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது என்று அப்புறம் நூறு தடவை நினைத்தாள். அவன் அவளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். நெடுஞ்சாலையில் ஒரு பஸ்ஸை நிறுத்தினார்களாம். ஒரு ஆளை இறக்கி கிரெமாவின் முன்னால் மண்டிபோட வைத்து, கிரெமாவின் கையில் கத்தியைக் கொடுத்தார்களாம். அந்த ஆள் கெஞ்சவில்லை. 'என் பேரு ஆரி. டயர் பஞ்சர் ஒட்டுறவன். எங்க வீட்டுல சொல்லிடு' என்று மட்டும் சொன்னாராம். அவ்வளவுதான். அதற்குப்பின் கூரான எதையும் கையில் எடுத்தால் விரல் தன்னால் நடுங்குகிறதாம்.

"முகாம்ல இதைச் சொன்னியா அண்ணே?"

"விறகு வெட்டினேன்னு சொன்னேன். அதைச் சொல்லியிருந்தா இந்த மன்னிப்பு வரிசையில நிக்க விட்டிருக்க மாட்டாங்க. பட்டாளத்து பாரக்ஸுக்குப் போற லாரியில ஏத்தியிருப்பாங்க."

அன்றிலிருந்து கெல்லுவுக்குத் தூக்கம் போயிற்று.

இதற்கு நடுவில்தான் ரிஃப்கத்து மேடம் வந்தாள். திருந்தியவர்களை ஊரோடு சேர்த்துவைக்கும் திட்டத்தின் அதிகாரி. நல்ல மனுஷி, ஆனால் தலைநகரத்திலிருந்து யாராவது அவளை எந்நேரமும் போனில் விரட்டிக்கொண்டே இருப்பார்கள். கஜாரி மக்கள் கிரெமாவை ஏற்றுக்கொண்டதற்கு மேலிடத்துக்கு அனுப்ப அவளுக்கு ஒரு போட்டோ வேண்டும். அந்த வாரம் அதே வட்டாரத்தில் கச்சல்லா என்பவனுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. ஏழாம் நாள் பெயர் வைக்கும்போது குழந்தைக்குத் தலை மழிக்க வேண்டும். அதைக் கிரெமா செய்தால் எப்படி இருக்கும் என்று வட்டாரத் தலைவர் புலமாவிடம் கேட்டாள். புலமா கச்சல்லாவிடம் கேட்டார்.

கச்சல்லா சாதாரண ஆள் இல்லை. ராத்திரியில் தெருவைக் காவல் காக்கும் தடிக்காரர்களுக்குத் தலைவன். அவன் அண்ணனைக் காட்டு ஆட்கள் கொன்றார்கள். அவன் தம்பியைச் சிப்பாய்கள் ஒரு சுற்றிவளைப்பில் கூட்டிக்கொண்டு போனார்கள், போனவன் வரவில்லை. குண்டு பட்ட இடது காலை இழுத்து இழுத்து நடப்பான். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்:

"மொட்டை அடிக்கட்டும். நான் எதிர்ல உக்காந்துக்கறேன். கையைப் பாத்தா ஆளைத் தெரிஞ்சுக்கலாம்."

ஊரில் வழக்கமாக மழிக்கிற பூபா கிழவர் ஃபுலானி இனத்தவர், கச்சல்லா கனூரி. இந்த இரண்டு இனத்தாரும் ஒருவரை ஒருவர் அடிமை என்று கேலியாகக் கூப்பிட்டுக்கொள்வார்கள், கோபித்துக்கொண்டவன் தோற்றவன். "என் அடிமை வீட்டுப் பிள்ளைக்கு மொட்டை போட என்னைக் கேக்காம ஆள் வெக்கிறானா? கச்சல்லா, உன்னைச் சந்தையில வித்து ஒரு நல்ல ஆடு வாங்கியிருக்கணும் எங்கப்பன்" என்று தெருவில் நின்று கத்திவிட்டுப் போனார்.

கச்சல்லாவின் மனைவி ஃபன்னா கெல்லுவின் கூட்டாளி. இரண்டு வயதுதான் மூத்தவள். குழந்தை பிறந்ததிலிருந்து கெல்லுதான் அவளுக்குத் துணைக்குப் படுத்தாள். ஆறாம் நாள் ராத்திரி, கச்சல்லா காவலுக்குப் போய்விட்டான். மாமியார் அடுத்த அறையில் குறட்டை. வேப்பிலைத் தண்ணீர் முற்றத்தில் கொதித்துக்கொண்டிருந்தது.

"இவன் தலையைப் பாத்தியாடி?" என்றாள் ஃபன்னா. "தர்பூசணி மாதிரி. உங்கண்ணன் பாதியில இளைப்பாறிட்டுத்தான் மீதியைச் சிரைக்கணும்."

கெல்லு சிரிக்கவில்லை. நெருப்பில் ஒரு சுள்ளியைத் தள்ளினாள்.

"என்ன, பல்லுவலியா?"

"ஃபன்னா, நாளைக்கு எங்கண்ணன் வேணாம்னு சொல்லு உன் புருஷன்கிட்ட."

"ஏன்? கூலி பத்தலயா?"

"விளையாடாதடி. அவன் கை நடுங்கும்."

"முடிவெட்டறவனுக்கு எதுக்குடி கை நடுங்குது?"

கெல்லு முழங்காலைக் கட்டிக்கொண்டாள். எதிரில் இருப்பது தடிக்காரர் தலைவனின் மனைவி என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதைத் தன் வயிற்றுக்குள் இன்னொரு ராத்திரி வைத்துக்கொள்ள அவளால் முடியாது போலிருந்தது. சொன்னாள். பஸ், மண்டிபோட்ட ஆள், கத்தி, ஆரி என்ற பெயர். விறகு வெட்டியது பொய் என்பது. சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போய்க் கடைசியில் உதடு மட்டும் அசைந்தது.

"எனக்கே அவனைப் பாத்தா பயமா இருக்கு. ராத்திரி அவன் இருமினாக்கூட முழிச்சுக்கறேன். என் தட்டுலேருந்து ஒரு வாய் எடுத்தா அந்தக் கையைத்தான் பாக்கறேன். ஆனா காலையில வாசல் கூட்டற சத்தம் கேக்குது, அவன்தான் கூட்டறான், எனக்கு முதுகு வலிக்கக் கூடாதுன்னு. நான் என்ன பண்றது? சொன்னா அவனைக் கொண்டுபோயிடுவாங்க. சொல்லாட்டி நாளைக்கு உன் பிள்ளை தலையில கத்தி."

ஃபன்னா மடியிலிருந்த குழந்தையைத் தூக்கி, கெல்லு இருந்த பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றிப் படுக்கவைத்தாள். கெல்லு அதைப் பார்த்தாள். ஃபன்னாவும் அவள் பார்த்ததைப் பார்த்தாள்.

"தப்பா நினைக்காதே. தானா வந்துருச்சு கை" என்றாள் ஃபன்னா. பிறகு, "காலையில குழந்தைக்கு உடம்பு சுடுதுன்னு சொல்லிடறேன். மொட்டை தள்ளிப்போகும். அப்புறம் பாத்துக்கலாம்."

"உன் புருஷன்கிட்ட?"

"அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்றதுக்கு நான் என்ன ரேடியோவா? தூங்குடி."

காலையில் ஃபன்னா சொன்னபடி சொல்லத்தான் செய்தாள். மாமியார் வந்து குழந்தையின் நெற்றியைத் தொட்டாள். "சுடுதாம். என் கை சுடற அளவுகூட சுடலை. தலைப்பிள்ளைக்காரி எல்லாரும் டாக்டர்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

வெளியே பாய் விரித்து ஆட்கள் நிறைந்திருந்தார்கள். பேரீச்சம்பழத் தட்டும் வாயில் போட்டு மெல்லும் கோலாக் கொட்டைத் தட்டும் சுற்றி வந்தன. கட்டியிருந்த கிடா குளிரில் உரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. ரிஃப்கத்து மேடம் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்து நின்றுகொண்டாள். கிரெமா புதுத் தொப்பியோடு வந்தான். அம்மாவே கூரையிலிருந்து கத்தியை எடுத்துக் கொடுத்திருந்தாள். அதைப் பார்த்ததும் கெல்லு பெண்கள் கூட்டத்தில் ஒரு அடி முன்னால் வந்து நின்றாள்.

புலமாவின் மடியில் குழந்தை. எதிரில் கச்சல்லா, காலை நீட்டி, தடியைப் பக்கத்தில் வைத்து.

கிரெமா தண்ணீரைத் தொட்டுக் குழந்தையின் தலையை நனைத்தான். கத்தியைப் பிரித்தான். கிட்டே கொண்டுபோனான். குழந்தை கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தது. அவன் கையைப் பின்னால் இழுத்தான். மறுபடி கொண்டுபோனான். பிறகு கத்தியை மடக்கிப் பாயின்மேல் வைத்துவிட்டு, "என்னால ஆகாது" என்றான்.

பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் பின்னாலிருந்து தடிக்காரப் பையன் ஒருத்தன் சொன்னான்: "பாத்தீங்களா? நம்ம பிள்ளை தலையைத் தொடமாட்டான்."

"எப்படித் தொடுவான்?" என்றான் இன்னொருத்தன். "நம்ம இமாம் ஓதி வைக்கிற பேரு காட்டு ஆளுங்களுக்கு ஆகாதே. நம்மளை முஸ்லிமாவே எண்ணமாட்டாங்க. முகாம்ல சோறு போட்டா மாறிடுவானா?"

"பேரீச்சம்பழம்கூட எடுக்கல பாருங்க."

எடுக்கவில்லைதான். வயிற்றில் பயம் இருக்கிறவன் எப்படி எடுப்பான்? ஆனால் அந்தக் காலையில் கஜாரிக்கு அது போதும். இவன் இன்னும் அவர்கள் ஆள்தான், ஊருக்குள் உளவு பார்க்க வந்தவன் என்று ஒவ்வொரு முகத்திலும் எழுதி ஒட்டியது போல ஆயிற்று. ஒரு தடி தரையில் தட்டியது. இன்னொன்று தட்டியது. கிரெமா எழுந்திருக்கவில்லை. கழுத்தைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவைப் பார்த்ததும் கெல்லுவுக்கு என்னவோ ஆயிற்று.

"அவன் அவங்க ஆள் இல்ல" என்றாள்.

ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அவன் அவங்க ஆள் இல்ல. அந்தக் கையால ஒருத்தரை அறுக்க வெச்சாங்க. அதனாலதான் முடியல. கோழிகூட அறுக்கமாட்டான். எங்க வீட்டுக்கு வந்து கேளுங்க. வெங்காயம்கூட..."

கிரெமா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தாள். அவன் கச்சல்லாவின் பக்கம் திரும்பினான்.

"அவ சொல்றது நெஜம். அவர் பேரு ஆரி. பஞ்சர் கடை வெச்சிருந்தவர். நான் விறகு மட்டும் வெட்டல. வெட்டினேன், அப்புறம். அதுக்கு முன்னாடி இது. எங்க கிடக்கார்னு எனக்குத் தெரியும். ரோட்டுக்குப் பக்கத்துல, ஒரு பெரிய புளியமரத்துக்குக் கிழக்கால."

ரிஃப்கத்து மேடம் போனைக் கீழே இறக்கினாள். "நான் இதைக் கேக்கல" என்றாள். "யாரும் கேக்கல. இவன் ஃபைலை மூடியாச்சு. இது வெளிய போனா இவனை மட்டும் இல்ல, இவனோட வந்த அத்தனை பேரையும் திரும்பப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க. அப்புறம் காட்டுலேருந்து எவன் வெளிய வருவான்? யோசிங்க."

"யோசிக்கிறோம் மேடம்" என்றான் கச்சல்லா. "நீங்க மன்னிச்சது விறகு வெட்டினவனை. அப்படி ஒருத்தன் இங்க இல்லையே. இங்க உக்காந்திருக்கிறவனை யாரு மன்னிச்சது?"

"அதுக்கு என்னங்க பேச்சு?" என்றான் முதலில் பேசிய பையன். "பாரக்ஸுக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சது."

கச்சல்லா அவனைத் திரும்பிப் பார்த்தான். "பாரக்ஸுக்கா? என் தம்பி அங்கதான் போனான். அரை மணி நேர விசாரணைன்னாங்க. நான் போய் கேட்டப்போ அப்படி ஒரு பேரே எங்ககிட்ட இல்லன்னு சொல்லிட்டாங்க. இவனையும் அங்க விட்டா, ஆரி எங்க கிடக்கான்னு யாருடா சொல்றது? நீ சொல்றியா?"

பையன் தடியைக் கீழே வைத்தான்.

புலமா குழந்தையைத் தட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "அந்த ஆரியோட பொண்டாட்டி எங்கயோ ஒவ்வொரு பஸ்ஸும் நிக்கறப்போ எட்டிப் பாத்துக்கிட்டு இருப்பா."

"அதான்" என்றான் கச்சல்லா. "கோர்ட்டுக்குப் போவோம். இன்னைக்கே, வெளிச்சம் இருக்கறப்போவே. நீதிபதி எதிர்ல இவன் வாயால சொல்லட்டும், எழுதிக்கட்டும். ஜெயில்னா ஜெயில். ஆனா எத்தனை வருஷம்னு இவன் அம்மாவுக்குத் தெரியணும், எந்த ஜெயில்னு தெரியணும். எங்கம்மாவுக்கு ஆன மாதிரி ஆகக் கூடாது." பிறகு தடியைத் தரையில் ஊன்றினான். "இப்போ என் பிள்ளைக்குப் பேர் வைக்கிற நேரம். அது முடியற வரைக்கும் எவனும் இவன் மேல கை வைக்கக் கூடாது. முடிஞ்ச பிறகும் கூடாது."

வேலி ஓரத்தில் நின்றிருந்த பூபா கிழவர் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார். "தள்ளுங்க அடிமைகளா. கடைசியில என்கிட்டதான வரணும்" என்று உட்கார்ந்து, தன் கத்தியை எடுத்து, நாலு வீச்சில் தலையை மழித்துவிட்டார். ஒருவரும் சிரிக்காததைக் கவனித்துக் கத்தியைத் துடைத்து மடக்கினார். இமாம் குழந்தையின் காதில் ஓதி, இளவரசன் என்று பொருள் வரும்படி மைனா என்று பெயர் வைத்தார். அத்தனை நேரமும் கிரெமா அதே பாயில் உட்கார்ந்திருந்தான். ஃபன்னா வாசற்படியில் நின்று கெல்லுவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரிஃப்கத்து மேடம் தள்ளிப் போய் யாருக்கோ போன் செய்தாள். வெகுநேரம் பேசினாள். திரும்பி வந்து, "இலவசமா வாதாடற வக்கீலம்மா ஒருத்தங்களைத் தெரியும். கோர்ட் வாசல்ல நிப்பாங்க. அவங்க இல்லாம ஒரு வார்த்தை பேச வேணாம்" என்றாள். அப்புறம் கச்சல்லாவைப் பார்த்து, "என் வேலை போச்சுன்னா உங்க வீட்டுக்குத்தான் சாப்பிட வருவேன்" என்றாள்.

"வாங்க. கம்பங்கூழ்தான் கிடைக்கும்."

அம்மா கிரெமாவின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள், சின்னப் பிள்ளைக்குப் போடுவது போல. கெல்லுவைத் தாண்டிப் போகும்போது சொன்னாள்: "கோழி அறுக்காதவன் எதுக்கு அறுக்கலைன்னு பெத்தவளுக்குத் தெரியாதா? நான் பொத்தி வெச்சிருந்தேன்ல? உனக்கு மட்டும் என்ன வாய்?"

கெல்லு அம்மாவுக்குப் பின்னாலேயே வாசலுக்கு நடந்தாள். செய்தது சரியா என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஆட்டோவில் புலமா முன்னால் டிரைவரை ஒட்டி ஏறிக்கொண்டார். பின்னால் கிரெமா, பக்கத்தில் கச்சல்லா. மேடத்தின் வண்டி பின்னால் வர இருந்தது. ஆட்டோக்காரன் வண்டியைப் பின்தெருப் பக்கம் திருப்பப் பார்த்தான்.

"அந்த வழி வேணாம். சந்தை வழியா போ" என்றான் கச்சல்லா.

"சந்தைக்குள்ள போனா கோர்ட் போய்ச் சேர மத்தியானம் ஆயிடும்ணே."

"ஆகட்டும். மெதுவாவே போ. என் தம்பியைப் பின்தெரு வழியாத்தான் கூட்டிட்டுப் போனாங்க. பாத்தவங்க ஒருத்தருமில்ல." அவன் வெளியே தலையை நீட்டிக் கெல்லுவைப் பார்த்தான். "பாப்பா, ஏறு. உனக்குக் குரல் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. வழியில கேக்கறவங்களுக்கெல்லாம் இவன் பேரைச் சொல்லிட்டு வா. நாளைக்கு இவன் எங்கன்னு நாங்க கேட்டா, பாத்தேன்னு சொல்ல ஊர்ல ஆள் வேணும்."

கெல்லு ஏறினாள். அண்ணனுக்கும் கம்பிக்கும் நடுவில் இடம் கொஞ்சம்தான் இருந்தது. அவன் தோள் அவள் தோளில் இடித்தது. அவள் நகர்ந்துகொள்ளவில்லை. நகர இடமும் இல்லை.

கருவாட்டுக் கடைகள் வந்ததும் வண்டி ஊர்ந்தது. தடியோடு கச்சல்லாவைப் பார்த்து ஒரு கடைக்காரி எழுந்து நின்றாள். "யாரையப்பா பிடிச்சுட்டுப் போறீங்க?"

கச்சல்லா கெல்லுவைப் பார்த்தான்.

"கிரெமா" என்றாள் கெல்லு. அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "கஜாரி மோதுவோட மகன் கிரெமா. எங்கண்ணன். கோர்ட்டுக்குப் போறான்."

"எதுக்கு?"

கெல்லு அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். கிரெமா முன்னால் பார்த்தபடியே, "அவர் பேரையும் சொல்லு" என்றான்.

"பஞ்சர் கடை ஆரின்னு ஒருத்தர். காணாமப் போனவர். அவர் விஷயமா போறான். அவரைத் தெரிஞ்சவங்க இருந்தா கோர்ட்டுக்கு வரச் சொல்லுங்க."

கடைக்காரி கிரெமாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் துப்பினாள். அதற்கடுத்த கடையில் ஒருவரும் நிமிரவில்லை. துணிக்கடை வாசலில் ஒரு பெரியவர், "எந்த ஆரி, குட்டையா இருப்பாரே அவரா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைத் தேடினார்.

வண்டி தானியக் கடைத் தெருவில் திரும்பியது. கெல்லு கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பை வெளியே சாய்த்து, மறுபடியும் முதலிலிருந்து இரண்டு பெயரையும் சொல்ல ஆரம்பித்தாள், இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் உரக்க.